இந்தியர் முன்னே, வங்கதேசத்தவர் பின்னே: பிரிட்டன் கணக்கை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

பிரிட்டனில் குடியேறியவர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த ஒப்பீடு இது. இந்தியர், வங்கதேசத்தவர் என்ற இரண்டு சமூகமும் ஒரே துணைக்கண்டத்திலிருந்து போனவை. ஒன்றைச் சொன்னால் டாக்டர், அக்கவுண்டன்ட், சொந்த வீடு நினைவுக்கு வரும். மற்றொன்றைச் சொன்னால் ஓட்டல் அடுப்படி, கவுன்சில் வீடு (உள்ளாட்சி வாடகைக்கு விடும் வீடு). ஏன் இப்படி என்று கேட்டு, ‘பண்பாடு’ என்று பதிலும் எழுதிவிடுவார்கள்.

வருமானம், வேலை, வீடு என எதை எடுத்தாலும் இந்தியர் முன்னிலையில் இருப்பது உண்மைதான். அந்த இடைவெளியில் வயதால் வந்தது எவ்வளவு, ஊரால் எவ்வளவு, வந்திறங்கிய காலத்தால் எவ்வளவு, அளந்த விதத்தால் எவ்வளவு என்று முதலில் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் காரணம் தேடப் போனால், இல்லாத இடைவெளிக்கும் சேர்த்துக் காரணம் கண்டுபிடிக்க வேண்டிவரும்.

கட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ‘இந்தியர்’ என்று குறித்தவர்கள் சுமார் 18.6 லட்சம், ‘வங்கதேசத்தவர்’ என்று குறித்தவர்கள் சுமார் 6.4 லட்சம். இது கடவுச்சீட்டுக் கணக்கும் அல்ல, பிறந்த நாட்டுக் கணக்கும் அல்ல. தன்னை எந்த இனமாகக் கருதுகிறீர்கள் என்ற கேள்விக்கு அவரவர் போட்ட டிக். இந்தக் கேள்வியே 1991இல்தான் கணக்கெடுப்புக்குள் வந்தது.

அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பிறந்த நாட்டு அட்டவணையை எடுத்து ஒட்டவைப்பார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. கம்பாலாவில் பிறந்த குஜராத்தி, பிறந்த நாட்டு அட்டவணையில் உகாண்டாக்காரர். இன அட்டவணையில் இந்தியர். பிரிட்டன் வங்கதேசத்தவரில் பெரும்பாலோரின் பூர்வீகமான சில்ஹெட் வட்டாரத்தின் கதை இன்னும் சிக்கல். 1947 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் அசாம் மாகாணத்தில் இருந்தது. பிறகு கிழக்குப் பாகிஸ்தான். 1971 டிசம்பருக்குப் பிறகே விடுதலை பெற்ற வங்கதேசம். அந்த ஆண்டுக் கணக்கெடுப்போ ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆக, 1971 அட்டவணையில் ‘பாகிஸ்தான்’ என்று நிற்கும் எண்ணுக்குள் கிழக்கு லண்டனின் பிரிக் லேன் பகுதிச் சில்ஹெட்டிகளும் இருக்கிறார்கள். ஒரு சமூகத்துக்கு இன அட்டவணை, மற்றதற்குப் பிறந்த நாட்டு அட்டவணை என்று கலந்து எடுப்பதைவிட, 1991க்கு முன் ஒப்பீடே வேண்டாம் என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

‘பிரிட்டன் முழுவதும்’ என்று எழுதுவதிலும் ஒரு கண்ணி உண்டு. ஸ்காட்லாந்து தன் கணக்கெடுப்பை ஓராண்டு தள்ளி 2022இல் நடத்தியது. ஒரே நாளின் கணக்கு போல இரண்டையும் கூட்டக் கூடாது.

நம்மவர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னையிலிருந்து போனவர் ‘இந்தியர்’ கட்டத்தில் டிக் போடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து போனவருக்குத் தனிக் கட்டம் கிடையாது. பலர் ‘மற்ற ஆசியர்’ என்பதில் போய், நேபாளியோடும் பிலிப்பைன்ஸ்காரரோடும் கலந்துவிடுகிறார்கள். முதன்மை மொழி அட்டவணையில் தமிழ் தனியாக இருக்கிறது என்றாலும், ஆங்கிலமே முதன்மை மொழி என்று எழுதும் அங்கே பிறந்த பிள்ளைகள் அதில் விடுபட்டுப் போவார்கள்.

எப்போது, எப்படி வந்தார்கள்

‘இந்தியர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு வருகைகள் அடங்கியிருக்கின்றன. மேற்கு மிட்லண்ட்ஸ் வார்ப்பாலைகளுக்கும் லண்டன் சவுத்தாலுக்கும் வந்த பஞ்சாபித் தொழிலாளர்கள் ஒன்று. தேசிய சுகாதார சேவைக்கு வந்த டாக்டர்கள் இன்னொன்று. 1968ஐ ஒட்டிக் கென்யாவிலிருந்தும், 1972இல் சர்வாதிகாரி இடி அமின் விரட்டியபோது உகாண்டாவிலிருந்தும் வந்த ஆசியர்கள் மூன்றாவது. உகாண்டாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டனில் இறங்கினார்கள். நான்காவது, அண்மை ஆண்டுகளில் வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் வந்தவர்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் பலர் கையிருப்பை இழந்து வந்தாலும் ஆங்கிலப் படிப்பு, கணக்கு எழுதிய பழக்கம், கடை நடத்திய அனுபவம் மூன்றையும் கொண்டுவந்தார்கள். சில்ஹெட் கிராமங்களிலிருந்து வந்த ஆண்கள் ஆலையிலும், தையல் பட்டறையிலும், ஓட்டலிலும் சேர்ந்தார்கள். அவர்களில் பலருடைய குடும்பங்கள் 70களிலும் 80களிலும்தான் வந்து சேர்ந்தன. ஆலைகள் மூடிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு தலைமுறை தாமதமாகத் தொடங்கியவரை, முன்னால் தொடங்கியவரோடு அதே ஆண்டில் நிறுத்தி அளந்துவிட்டு ‘வேகம் போதவில்லை’ என்று எழுதுவது நியாயமில்லை.

இதற்காக இந்தியர் எல்லாரையும் வசதியாக வந்தவர்களாக்கிவிடவும் கூடாது. 1976 முதல் 1978 வரை லண்டனில் நடந்த கிரன்விக் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஜெயாபென் தேசாய், கிழக்கு ஆப்பிரிக்கா வழி வந்த குஜராத்திப் பெண்தான். புகைப்படம் கழுவும் ஆலையில் கூலிக்கு நின்றவர்கள் அவர்கள்.

‘பத்தாண்டில் இந்தியர் முன்னேற்றம்’ என்ற தலைப்பிலும் இதே கோளாறு. 2011இல் இந்தியர் சுமார் 14.1 லட்சம், 2021இல் 18.6 லட்சம். இந்தக் கூடுதல் நாலரை லட்சத்தைப் பிறப்பு மட்டும் கொடுத்திருக்க முடியாது. பெரிய பகுதி புதிதாக வந்தவர்கள். விசா விதியே சம்பளத்தையும் படிப்பையும் பார்த்து வடிகட்டி அனுப்பிய ஆட்கள் சேர்ந்தால் சராசரி தானாக ஏறும். 2011இல் இருந்தவர்கள் ஓரடிகூட முன்னே வைத்திருக்க வேண்டியதில்லை. கூடியவரை பிரிட்டனில் பிறந்தவர்களைத் தனியாகவும், வந்தவர்களை வந்த காலவாரியாகவும் பிரித்துப் பாருங்கள்.

வயது

வங்கதேசச் சமூகம் இந்தியச் சமூகத்தைவிட இளையது. இது ஒன்றே எண்ணை எவ்வளவு புரட்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு சமூகத்திலும் 16–24 வயதினரில் 40%, 25–64 வயதினரில் 80% வேலை பார்க்கிறார்கள் என்று வையுங்கள். வயதுக்கு வயது துளி வித்தியாசம் இல்லை. முதல் சமூகத்தில் இளையவர்கள் 30%, இரண்டாவதில் 50%.

முதல் சமூகம்: 0.3 × 40 + 0.7 × 80 = 68%. இரண்டாவது: 0.5 × 40 + 0.5 × 80 = 60%.

எட்டு சதவீதப் புள்ளி இடைவெளி எங்கிருந்தோ முளைத்துவிட்டது. இதைச் சரிக்கட்ட, இரண்டு சமூகத்துக்கும் ஒரே வயதுக் கலவையைப் போட வேண்டும். 40:60 என்று போட்டால் இரண்டுமே 64% ஆகிவிடும். உண்மைக் கணக்கில் மூன்று நான்கு வயதுப் பிரிவாவது வேண்டும். எந்தக் கலவையைப் போட்டீர்கள் என்று கட்டுரையில் எழுதவும் வேண்டும். கலவையை மாற்றினால் விடையும் கொஞ்சம் மாறும்.

ஒரே சம்பளம், வேறு தட்டு

அதிகம் பேர் வழுக்கும் இடம் குடும்ப வருமானம். வாரம் 900 பவுண்டு வரும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டில் கணவன், மனைவி, 14 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை. இரண்டாவது வீட்டில் கணவன், மனைவி, பாட்டி, அதே வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைகள்.

வீட்டு வருமானத்தை அப்படியே ஒப்பிட்டால் இருவரும் சமம். தலைக்கு வகுத்தால் 300 பவுண்டு, 150 பவுண்டு: சரிபாதி. இரண்டுமே தப்பு. ஆறு பேருக்கு ஆறு அடுப்பு வேண்டாம். ஒரே ஹீட்டர், ஒரே இன்டர்நெட். இதற்காகத்தான் ஓஇசிடி (வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) அளவுகோல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். முதல் பெரியவருக்கு 1, 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 0.3.

முதல் வீடு: 1 + 0.5 + 0.3 = 1.8. வருமானம் 900 ÷ 1.8 = 500.
இரண்டாவது வீடு: 1 + 0.5 + 0.5 + 0.9 = 2.9. வருமானம் 900 ÷ 2.9 = சுமார் 310.

முதல் வீட்டின் வாழ்க்கைத் தரத்தைத் தொட இரண்டாவது வீட்டுக்கு வாரம் 1,450 பவுண்டு தேவை. அந்த வீட்டில் சம்பாதிப்பவர் குறைவாகச் சம்பாதிக்கிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. சம்பள இடைவெளி வேறு, வாழ்க்கைத் தர இடைவெளி வேறு. ஒன்றுக்கான எண்ணை எடுத்து மற்றதை நிறுவ முடியாது.

அடுத்து வாடகை. பிரிட்டன் அரசு ஏழ்மையை இரண்டு விதமாக அளக்கிறது: வீட்டுச் செலவு கழிக்கும் முன், கழித்த பின். இரண்டிலும் ஏழ்மைக் கோடு, இடைநிலை வருமானத்தில் (எல்லாரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது) 60%. வங்கதேசத்தவரில் ஏறத்தாழ பாதிப் பேர் லண்டனில் இருக்கிறார்கள்; டவர் ஹாம்லெட்ஸ் என்ற லண்டன் உள்ளாட்சிப் பகுதியில் மட்டும் மக்கள்தொகையில் 34.6% அவர்கள்தான். இந்தியர் லண்டனின் புறப்பகுதிகள், லெஸ்டர், மிட்லண்ட்ஸ் என்று விரவியிருக்கிறார்கள். லண்டன் வாடகை நெருக்கும் சமூகத்தை வாடகை கழிக்காமல் அளந்தால் ஏழ்மை குறைவாகத் தெரியும். ஒரு சமூகத்துக்கு ‘முன்’, மற்றதற்கு ‘பின்’ என்று எடுத்துவிட்டால் அந்த ஒப்பீட்டைக் குப்பையில்தான் போட வேண்டும். வேறு வேறு அறிக்கைகளிலிருந்து எண் பொறுக்கும்போது இது அடிக்கடி நடக்கிறது.

வேலை: வகுக்கும் எண்ணைப் பாருங்கள்

நூறு பெண்கள். 45 பேர் வேலை பார்க்கிறார்கள், 5 பேர் தேடுகிறார்கள், 50 பேர் இரண்டும் இல்லை. படிக்கிறார்கள் அல்லது வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார்கள். வேலையின்மை விகிதம் 5 ÷ 50 = 10%. வேலைவாய்ப்பு விகிதம் 45%. முதல் எண்ணை மட்டும் போட்டால் அந்த 50 பேர் படத்திலேயே இல்லை. வங்கதேசப் பெண்களில் வேலைச் சந்தைக்கு வெளியே இருப்பவர்கள் இந்தியப் பெண்களைவிட அதிகம் என்பதால், வேலையின்மையை மட்டும் வைத்துப் பேசும் கட்டுரை முக்கியமான வித்தியாசத்தையே தவறவிடுகிறது. அதேபோல மாணவிகளைக் கழிக்காமல் ‘வீட்டோடு இருக்கிறார்கள்’ என்று எழுதுவதும் தப்பு. இளைய சமூகத்தில் மாணவர் கூட்டம் பெரிது.

அதிகாரபூர்வ இனவாரிச் சம்பள இடைவெளிக் கணக்கு, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. சொந்தமாக டாக்சி ஓட்டுபவரும் ஓட்டல் நடத்துபவரும் அதில் இல்லை. பிரிட்டனில் ‘இந்தியன் ரெஸ்டாரன்ட்’ என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலானவற்றைக் காலங்காலமாக நடத்தியவர்கள் சில்ஹெட்டிகள். அந்த முதலாளிகளை விட்டுவிட்டு எடுத்த எண்ணை அந்தச் சமூகத்தின் வருமானம் என்று சொல்ல முடியாது.

பள்ளிக்கூடம்

இங்கே கதை திரும்புகிறது. 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் வங்கதேசப் பிள்ளைகளின் சராசரி, இங்கிலாந்தின் வெள்ளை பிரிட்டிஷ் பிள்ளைகளின் சராசரியைத் தாண்டிவிட்டது. இந்தியப் பிள்ளைகள் இன்னும் மேலே. 90களின் இறுதியில் டவர் ஹாம்லெட்ஸ், இங்கிலாந்தின் கல்வி வட்டாரங்களில் கடைசி இடத்தில் இருந்தது. அதன்பின் லண்டன் பள்ளிகளே மொத்தமாக ஏறின. ஆக, லண்டனில் குவிந்த சமூகத்தை நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டால், பள்ளிகளின் ஏற்றமும் சமூகத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். லண்டன் பிள்ளையை லண்டன் பிள்ளையோடு வையுங்கள்.

வறிய பிள்ளைகளைத் தனியே பார்க்க ‘இலவச மதிய உணவு’ குறியீட்டை எடுப்பார்கள். சாப்பிடுகிறவர் வேறு, தகுதி உள்ளவர் வேறு. 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு. 2018 ஏப்ரலுக்குப் பிறகு, குடும்ப வருமானம் கூடினாலும் பெற்ற தகுதி தொடரும் என்று விதி மாறியது. இதனால் ஆண்டுக்கு ஆண்டு தகுதிக் கணக்கு ஏறியதை ஏழ்மை ஏறியதாகப் படிக்கக் கூடாது.

சிறிய மாதிரி

ஒரு கருத்துக்கணிப்பில் ஒவ்வொரு சமூகத்திலும் 200 பேர், விகிதம் 60% சுற்றி என்றால், பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ சுமார் 6.8 புள்ளி. இரண்டு சமூகங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்துக்கு அது 9.6 ஆகிவிடும். ஆகவே 7 புள்ளி இடைவெளியைத் தலைப்பாக்க முடியாது. பிழை எல்லையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆள் வேண்டும். இதனால்தான் அரசின் வருமான அறிக்கை இனவாரி எண்களை மூன்று ஆண்டுச் சராசரியாகத் தருகிறது. வேலைவாய்ப்பை அளக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பின் கேள்விகளுக்கு விடை சொல்வோர் மிகவும் குறைந்துபோய், 2023 அக்டோபரில் வழக்கமான வெளியீட்டையே நிறுத்திவைத்தார்கள். அந்தக் காலகட்ட எண்ணைத் தொடும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

அதிகமாகச் சரிக்கட்டுவது

இவ்வளவும் படித்தவர் அடுத்துச் செய்யும் தவறு இது. வயது, ஊர், படிப்பு, தொழில், பதவி என எல்லாவற்றையும் ஒரு புள்ளியியல் சூத்திரத்துக்குள் போட்டு, ‘இடைவெளி மறைந்துவிட்டது, பாகுபாடு இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். ஒருவரை நல்ல பதவிக்கே எடுக்காமல் விடுவதுதான் பாகுபாடு என்றால், பதவியைச் சரிக்கட்டும்போது நீங்கள் தேடிய பொருளையே கழித்துவிடுகிறீர்கள். வயதும் வந்த காலமும் வேலைச் சந்தைக்குள் நுழையும் முன்பே அமைந்தவை. தொழிலும் பதவியும் அதற்குள் நடந்தவை. படிப்பு எங்கே பெற்றது என்பதைப் பொறுத்து இரண்டிலும் வரும். எனவே படிப்படியாகக் காட்டுங்கள்: எதுவும் சரிக்கட்டாத எண், வயதுக்குப் பின், ஊருக்குப் பின், படிப்புக்குப் பின், கடைசியில் தொழிலுக்குப் பின். எந்தப் படியில் இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்பதை வாசகர் பார்க்கட்டும்.

எழுதும் வாக்கியத்திலும் இது தெரிய வேண்டும். ‘வங்கதேசத்தவர் இந்தியரைவிட ஏழைகள்’ என்ற தலைப்பை எடுத்துக்கொண்டு திருத்திப் பாருங்கள்: ‘இங்கிலாந்தில், பிரிட்டனில் பிறந்த 25–44 வயதினரிடையே, குடும்ப அளவைச் சரிக்கட்டி வீட்டுச் செலவு கழித்த பின், மூன்று ஆண்டுச் சராசரியில்’ என்று அதன் முன்னால் சேருங்கள். வாக்கியம் நீண்டு அசிங்கமாகத்தான் இருக்கும். அந்தச் சொற்களில் ஏதாவது ஒன்றுக்கு உங்கள் அட்டவணையில் எண் இல்லையென்றால், அந்தத் தலைப்பைப் போடாதீர்கள்.