பனியாறு மலையை எப்படி அறுக்கிறது? ஒரு சோப்புக் கட்டியில் செய்து பார்க்கலாம்

மகளின் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரிய பனித்திரள், வந்தது. "ஐஸைக் கரண்டியாலேயே சுரண்டிடலாம். அது எப்படிப்பா மலையை அறுக்கும்?" என்று கேட்டாள். எடை அதிகம், அதனால்தான் என்று சொல்லி வைத்தேன். அந்தப் பதில் எனக்கே ஒப்பவில்லை. அடுத்த இரண்டு வாரம் ஃப்ரீசரில் பாதி இடம் என் டப்பாக்களுக்குப் போனது. எனக்கு வேலை செய்த முறையை இங்கே தருகிறேன்.

படி 1: சாமான்கள்

நேரான பக்கங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, கழுவிய பால் பாக்கெட் கவர், இரண்டு துணி சோப்புக் கட்டிகள், ஒரு கைப்பிடி மணல், நாலைந்து சின்ன ஜல்லித் துண்டுகள். மணலில் என் ஓட்டு எம்-சாண்டுக்குத்தான். ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் உடைத்த கல் என்பதால் கூராக இருக்கும். சோப்பு புதிதாக இருந்தால் பிசுபிசுக்கும். உறையைப் பிரித்து ஒரு வாரம் காயவிட்டது நல்லது.

படி 2: முதலில் வெறும் ஐஸ்

மணல் போடாத ஒரு ஐஸ் கட்டியைச் சோப்பின் மேல் அழுத்தி இழுத்துப் பாருங்கள். சோப்பு வழவழப்பாகும், அவ்வளவுதான், ஒரு கீறல்கூட விழாது. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மகளின் கேள்வி நியாயமானது என்பதற்கு இதுதான் சாட்சி.

படி 3: மணல் ஐஸ் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

டப்பாவின் அடியில் மணலையும் ஜல்லியையும் மெல்லிய அடுக்காகப் பரப்பி, அது நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு உறைய வையுங்கள். உறைந்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி ஒரு இரவு விடுங்கள்.

கட்டியை வெளியே எடுப்பதில்தான் நான் மூன்று முறை தோற்றேன். டப்பாவை வெந்நீரில் முக்கி எடுத்தால் கட்டி வந்துவிடும். ஆனால் வெளிப்பக்கம் உருகுவதால், முக்கியமான அந்த மணல் முழுவதும் தொட்டியில் கொட்டிவிடும். கையில் மிஞ்சுவது வெறும் ஐஸ்தான். இதற்குத்தான் பால் கவர். மணல் போடுவதற்கு முன்பே டப்பாவின் உள்ளே கவரை விரித்துவிடுங்கள். உறைந்ததும் கவரைப் பிடித்து இழுத்தால் கட்டி அப்படியே வரும், மணலும் பல்லைப் போல நீட்டிக்கொண்டிருக்கும்.

படி 4: ஒரே திசையில் இழுங்கள்

முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். பனியாறு மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். ஐந்தாறு இழுப்பில் சோப்பின் மேல் இணைகோடுகள் தெரியும். ஜல்லித் துண்டு போன தடம் மட்டும் ஆழமான பள்ளமாக இருக்கும். பனி விலகிய பாறைகளில் காணும் கீறல்கள் இப்படி விழுந்தவைதான். பனி போய்ப் பல்லாயிரம் ஆண்டு ஆன பிறகும், அது எந்த வாக்கில் நகர்ந்தது என்பதை அந்தக் கோடுகளிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள்.

தச்சர் கையில் உள்ள உப்புத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தேய்ப்பது அதில் ஒட்டியிருக்கும் மணல். காகிதம் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. பனியாற்றில் அந்தக் காகிதத்தின் வேலையைப் பனி செய்கிறது. எடை தேவைதான், ஆனால் கல்லை அழுத்திக் கொடுப்பதற்காக.

சோப்பிலிருந்து வழியும் தண்ணீரையும் பாருங்கள், பால் மாதிரி கலங்கியிருக்கும். பாறை அரைபட்டாலும் இப்படித்தான் மாவாகித் தண்ணீரில் கலக்கும். இமயமலையில் கங்கோத்ரி பனியாறு முடியும் இடமான கோமுகத்தில் (கோமுக்) பாகீரதி ஆறு சாம்பல் கலந்த வெண்மையாக வெளியே வருவதற்குக் காரணம் அந்த மாவு.

படி 5: அந்தக் கல் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் இரண்டு பக்கச் சரிவுகளிலிருந்தும் பனிமேல் விழுகிறது. மீதியைப் பனியே பிடுங்குகிறது. ஈரக் கையால் ஃப்ரீசர் தட்டைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும், இல்லையா? அதேதான். பனிக்கு அடியில் உருகிய நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி மறுபடி உறைகிறது. பனி நகரும்போது துண்டு பெயர்ந்து கூடவே போகிறது. பெயர்ந்த துண்டு அடுத்த பாறைக்கு உளியாகிறது. ஒரு பாறை மேட்டின் ஏற்றப் பக்கம் மழமழவென்றும், இறங்கும் பக்கம் பிய்த்தெடுத்த மாதிரி கரடுமுரடாகவும் இருந்தால், முன்னதில் உரசல், பின்னதில் பிடுங்கல் நடந்திருக்கிறது.

படி 6: இப்போது நிஜப் பனியாறு

கூகுள் எர்த் ப்ரோவில் கோமுக் என்று தேடுங்கள். மொபைல் செயலியைவிட கணினியில் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும், ஒரு கோடு வரைந்து அதன் மேடு பள்ளத்தைக் காட்டும் குறுக்குவெட்டு வரைபடம் எடுக்கலாம். கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம், அதன் முகப்பு ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

முதல் நாள் எனக்குப் பனியாறே அகப்படவில்லை. வெள்ளையாக எதையோ தேடிக்கொண்டிருந்தேன். கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடி, சாம்பல் நிறத்தில் பெரிய குவாரி போலத் தெரியும். அதுதான் பனியாறு. இரண்டு ஓரத்திலும் கரை கட்டினாற்போல் நீளும் மேடுகள், பனி ஒதுக்கிவிட்ட கல்மண் குவியல்கள், பெயர் பக்க மொரைன்கள்.

காட்சியைச் சாய்த்துத் தென்கிழக்காகப் பாருங்கள். வலப்பக்கம் கூம்பாக நிற்பது சிவலிங் சிகரம், 6,543 மீட்டர். பல பக்கமும் சர்க் எனும் பனிக்குழிகள் குடைந்துகொண்டே வந்தால் நடுவில் இப்படி ஒரு கொம்புதான் மிஞ்சும்.

பிறகு கீழே இறங்கி வாருங்கள். கோமுக்குக்குக் கீழே உள்ள போஜ்பாசா என்ற இடத்தில் பள்ளத்தாக்கு அகன்று, யு எழுத்து போல இருக்கும். ஆறு தன் அடியை மட்டும் கோடு கிழிக்கிறது. பனி பள்ளத்தாக்கையே நிரப்பிக்கொண்டு சுவர்களையும் சேர்த்துச் சுரண்டுகிறது. கங்கோத்ரி ஊருக்கு வந்தால் கோயில் பக்கம் ஆறு குறுகிய பாறை இடுக்கில் விழும். பனி செதுக்கிய அகலத்துக்குள், பிறகு ஆறு தனியாக வெட்டிக்கொண்ட வழி அது.

தொங்கும் பள்ளத்தாக்குக்கு அமெரிக்காவின் யோசெமிட்டியைப் பாருங்கள். சிறிய கிளைப் பள்ளத்தாக்கு பெரியதின் ஆழத்துக்கு வெட்டப்படாமல் மேலேயே நின்றுவிட்டது. அந்த விளிம்பிலிருந்து பிரைடல்வெயில் அருவி சுமார் 190 மீட்டர் விழுகிறது.

பின்சேர்க்கை: குறுக்குவெட்டு எடுத்தால் யு வரவில்லை, வி போல வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்த வரைபடத்தில் உயர அளவு இழுத்துக் காட்டப்படும், அதனால் சுவர்கள் கூம்பின மாதிரி தெரியும். இன்னொன்று, சரிவிலிருந்து உதிர்ந்த கல் சுவர்களின் அடியில் குவிந்து யுவின் மூலைகளை மூடியிருக்கும். குறுக்குவெட்டுக்கான கோட்டினை அந்தக் கல்குவியல் இல்லாத இடமாகப் பார்த்து, ஆற்றுக்குக் குறுக்காக வரைந்து பாருங்கள். மொபைலில் காட்சி சாயவில்லை என்றவர்களுக்கு: இரண்டு விரலையும் சேர்த்து வைத்து மேலே தள்ளுங்கள்.