இரயில் குத்தகை நிறுவனத்தின் கார்பன் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்டியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பகுப்பாய்வாளர்கள், பசுமைக் கடன் கேட்டு வரும் இரயில் குத்தகை நிறுவனங்களின் அறிக்கைகளை மதிப்பிடுகையில், ஒரு காலத்தில் நான் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். கிலோவையும் டன்னையும் குழப்புவது போன்றவற்றை மேலாளரே பிடித்துவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

குத்தகை வகையைப் பார்க்காமல் "உமிழ்வு குறைந்தது" என எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு நிறுவனம், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை சைடிங்குகளில் (தனிக் கிளைப் பாதைகளில்) பெட்டிகளை நகர்த்தும் ஷண்டிங் வேலைக்கு டீசல் எஞ்சின்களை வாடகைக்கு விட்டிருந்தது. ஸ்கோப் 1 உமிழ்வு (நிறுவனம் தன் நேரடிக் கணக்கில் காட்டும் புகை) ஒரே ஆண்டில் செங்குத்தாகச் சரிந்ததைக் கண்டு, எங்கள் இளைஞர் ஒருவர் "பாராட்டத்தக்க முன்னேற்றம்" என்று குறிப்பெழுதிவிட்டார். அந்த ஓராண்டில் ஓர் எஞ்சின்கூட மாற்றப்படவில்லை. ஒப்பந்தங்கள் மட்டும் இயக்கக் குத்தகையிலிருந்து (சொத்தின் ஆபத்தும் பலனும் விட்டவரிடமே இருப்பது) நிதிக் குத்தகைக்கு (அவை பெரும்பாலும் எடுத்தவருக்குப் போவது) மாறியிருந்தன.

உமிழ்வுக் கணக்குக்கான பன்னாட்டு விதிநூலான ஜிஎச்ஜி புரோட்டோகாலின் நிதிக் கட்டுப்பாட்டு முறையில், இயக்கக் குத்தகைக்கு விட்ட எஞ்சினின் புகை குத்தகைக்கு விட்டவரின் ஸ்கோப் 1 கணக்கில் சேரும். நிதிக் குத்தகையானால் அது எடுத்தவரின் கணக்குக்குப் போய், விட்டவருக்கு ஸ்கோப் 3-இன் (பிறர் வழி வரும் மறைமுக உமிழ்வின்) 13ஆம் பிரிவான குத்தகைக்கு விட்ட சொத்துகளில் மட்டுமே இடம்பெறும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆண்டுக்கு 50,000 லிட்டர் எரிக்கும் 20 எஞ்சின்கள் என்று வைத்துக்கொண்டால் 2,680 டன். அவை ஸ்கோப் 3-க்கு நகர்ந்துவிட்டால், ஒரு லட்சம் யூனிட் மின்சாரம் செலவழிக்கும் தலைமையகத்தின் சுமார் 70 டன்தான் ஸ்கோப் 1, 2 (வாங்கிய மின்சாரம்) பட்டியலில் மிஞ்சும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பிஆர்எஸ்ஆர் என்ற நிலைத்தன்மை அறிக்கைப் படிவத்தில் ஸ்கோப் 3 கட்டாயப் பகுதியில் இல்லை. ஆகவே அந்த 2,680 டன் எந்தப் பக்கத்திலும் தென்படாமலேகூடப் போகலாம்.

எனவே முதலில் எல்லை வரையறை (எந்த உமிழ்வைத் தன்னுடையதாக எண்ணுவது என்பது) எந்த முறையில் செய்யப்பட்டது என்ற அடிக்குறிப்பையும், அடுத்து நிதிநிலை அறிக்கையின் குத்தகைக் குறிப்பையும் படித்துவிட்டு, அதன் பிறகே உமிழ்வின் ஏற்ற இறக்க வரைபடத்தைப் பாருங்கள். சொத்து கைமாறியதால் கணக்கு கணிசமாக மாறியிருந்தால், அடிப்படை ஆண்டின் (ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆண்டின்) அளவைத் திருத்தினார்களா என்றும் கேளுங்கள். விடை மழுப்பலாக வந்தால், அதையே மதிப்பீட்டில் எழுதுங்கள்.

வேகனுக்கு எஞ்சின் இல்லையே என்று கடந்துபோவது

இழுக்கும் எஞ்சினின் எரிபொருளில் வேகனின் சொந்த எடைக்கும் பங்கு உண்டு. அதைச் செய்யத் தேவைப்பட்ட எஃகின் உமிழ்வு, வாங்கிய ஆண்டிலேயே ஸ்கோப் 3-இன் மூலதனப் பொருள்கள் பிரிவில் முழுமையாகச் சேர வேண்டும்.

மின்சார எஞ்சின் என்றால் பூஜ்யம் என்பது

இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

வாடிக்கையாளரின் உறுதிமொழியை நிறுவனத்தின் கணக்கில் வைப்பது

2030-க்குள் நிகர பூஜ்யம் என்பது இந்திய இரயில்வேயின் இலக்கு. இரயில்வேக்கு எஞ்சினும் பெட்டியும் குத்தகைக்குத் தருபவரின் இலக்கைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கார்பன் கிரெடிட்டை (வேறிடத்து உமிழ்வுக் குறைப்புக்கு விலை கொடுத்து வாங்கும் சான்றை) குறைப்பாக எண்ணுவது

எண்ணாதீர்கள். நிறுவனங்களின் காலநிலை இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ அமைப்பு தன் குறுகியகால இலக்குகளில் அதை ஏற்பதில்லை.

இலக்கு ஆண்டை மட்டும் படிப்பது

டீசல் எஞ்சின் ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலும் ஓடக்கூடியது. 2050 இலக்கை அறிவித்துவிட்டு இந்த ஆண்டும் புதிய டீசல் எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கும் நிறுவனத்திடம், அவற்றை எந்த ஆண்டில் யாரிடம் கொடுத்து விலகப் போகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள்.