கோன்பினிக்குப் போகிற நம் ஊர்க்காரருக்கு

வேலூர் கொசப்பேட்டையில் 26 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகனைப் பார்க்க ஜப்பானில் கவாசாகிக்குப் போய் 24 நாள் இருந்தோம். அவன் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவான். அப்புறம் எங்களுக்கு எல்லாமே தெருமுனைக் கடைதான். அந்த மாதிரிக் கடைக்கு அங்கே ‘கோன்பினி’ என்று பெயர். 1806-இல் நம் கோட்டையில் சிப்பாய்கள் கும்பினியை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியை, எதிர்த்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது ‘கும்பினி’ என்றுதான் காதில் விழும். செவன் இலெவன், ஃபேமிலிமார்ட், லாசன் மூன்றும்தான் பெரிய பெயர்கள். 1974-இல் டோக்கியோவின் தொயோசுவில் திறந்த முதல் செவன் இலெவன், அதற்கு முன் ஒரு குடும்பம் நடத்திய மதுக்கடை. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தக் கடைகள்மேல் கொஞ்சம் சொந்தம் வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஏடிஎம் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். செவன் இலெவனுக்குள் இருக்கும் ஏடிஎம் வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கும், ஆங்கிலத்திலும் பேசும். ஆனால் நான் அதைத் திறக்காமல் போனதால் மூன்று முறை போட்டும் கார்டைத் துப்பிவிட்டது. வங்கிக்காரர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

விலைச்சீட்டில் இரண்டு விலை இருக்கும். பெரிதாக இருப்பது வரிக்கு முந்தைய விலை, சின்னதாக இருப்பதுதான் நீங்கள் கட்டப்போவது. சாப்பாட்டுப் பொருளுக்கு வரி 8 சதவீதம். அதையே கடைக்குள் நாற்காலி போட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10. யென்னை ரூபாயாக மாற்றி மாற்றிப் பார்த்தால் பசி போய்விடும், விட்டுவிடுங்கள்.

இனி சாப்பாடு. ‘ஒனிகிரி’ என்று முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை, கடற்பாசித் தாள் சுற்றியிருக்கும். பொட்டலத்தின் மேல் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள். 1 என்பது நடுவில் ஓடும் பட்டை, அதை உச்சியிலிருந்து கீழே இழுத்துப் பின்பக்கம் வரை கிழிக்க வேண்டும். பிறகு 2, 3 என்ற இரு மூலைகளையும் பக்கவாட்டில் உருவ வேண்டும். பாசி நமத்துப்போகாமலிருக்க அதற்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இத்தனை வரிசை. நான் முதல் நாள் பிஸ்கட் பாக்கெட் மாதிரிக் கிழித்தேன். பாசி காகிதத்தோடு போய்விட்டது, வெறும் சோறு கையில் நின்றது.

உள்ளே பெரும்பாலும் மீன்தான். ‘உமே’ என்றால் உப்பில் ஊறிய புளிப்புக் காய், நம் ஊறுகாய்க்குத் தூரத்துச் சொந்தம். ‘கொம்பு’ என்றால் கடற்பாசி. ஆனால் இவற்றிலும் மீன் சாறு சேர்ந்திருக்கலாம், சுத்த சைவக்காரர்கள் போனில் மொழிபெயர்ப்புக் கேமராவைக் காட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். ‘கறி பன்’ என்ற பெயரைக் கேட்டு நம் ஊர் மசாலா என்று பாய்ந்துவிடாதீர்கள், மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஆவி பறக்கும் வெள்ளைக் கொழுக்கட்டை மாதிரியானது ‘நிகுமான்’, அதற்குள்ளும் பொதுவாகப் பன்றிதான்.

நாங்கள் அங்கே இருந்தபோது ஒரு கிருத்திகை வந்தது. என் மனைவி அன்று அசைவம் தொடமாட்டாள். வேகவைத்து அடைத்த 200 கிராம் வெள்ளைச் சோற்று டப்பா ஒன்றும், சர்க்கரை போடாத 400 கிராம் தயிர் டப்பா ஒன்றும் வாங்கினோம். சின்னக் கப்புகளில் இருப்பது பெரும்பாலும் இனிப்புத் தயிர், அதை விடுங்கள். ஜப்பான் அரிசி ஒட்டும் அரிசி, தயிர்சாதத்துக்கு நம் பொன்னியைவிட நன்றாகக் குழைகிறது. இதை நான் சொன்னதாக என் கடை வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டாம். ஊரிலிருந்து எடுத்துப்போன எலுமிச்சை ஊறுகாயோடு மூன்று நாள் ஓடியது.

பால் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நான் எடுத்து வந்த வெள்ளை அட்டைப்பெட்டி குடிக்கிற தயிராம், டீ திரிந்துவிட்டது. மகன்தான் காட்டினான்: கூரை மாதிரி மடித்த அரை லிட்டர், ஒரு லிட்டர் பெட்டிகளில் அசல் பாலுக்கு மட்டும் உச்சி விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். கண் தெரியாதவர்கள் தடவிப் பார்த்து எடுப்பதற்காகச் செய்தது. எழுத்துத் தெரியாத எனக்கும் உதவியது.

கல்லாவில் கேட்பது நாலைந்து கேள்விதான். ‘ஃபுகுரோ’ என்றால் பை வேண்டுமா. 2020 ஜூலையிலிருந்து பைக்குக் காசு, நான் மஞ்சப்பை கொண்டுபோனேன். ‘அதாதமே’ என்று வந்தால் சூடாக்கித் தரவா. ‘ஹாஷி’ என்றால் சாப்பிடுகிற குச்சி வேண்டுமா. ‘பாயிண்டோ கார்டோ’ என்றால் கடையின் பாயிண்ட் கார்டு, அது நமக்குக் கிடையாது. வேண்டுமென்றால் ‘ஹாய்’, வேண்டாமென்றால் கையை லேசாக அசைத்து ‘தைஜோபு’. தலையை நம் ஊர் வழக்கத்தில் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். நான் ஆட்டியதில் கல்லாவில் இருந்த பெண் இரண்டு முறை கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

காப்பிக்கு முதலில் கல்லாவில் காசு கட்டிக் கோப்பை வாங்க வேண்டும், பிறகு இயந்திரத்தில் நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். காசைக் கையில் நீட்டாமல் தட்டில் வையுங்கள். பல கடைகளில் கல்லாவில் உள்ள காசு இயந்திரத்திலேயே போடச் சொல்வார்கள். மீதி 1 யென்வரை வரும், சாக்லேட் வராது. (என் கடையில் வரும்.)

தெருவில் குப்பைத்தொட்டியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கடையில் வாங்கியதைக் கடைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நாணயங்களை ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே பணம் மாற்றுகிறவர்கள் நோட்டைத்தான் வாங்குவார்கள். கடைசி நாள் சாயங்காலம் பாக்கெட்டில் இருந்ததையெல்லாம் அந்தக் காசு இயந்திரத்தில் கொட்டினேன், அதுவே எண்ணிக்கொண்டது. 1 யென் மட்டும் 17 தேறியது. ஒரு வாழைப்பழத்துக்குக்கூடக் காணவில்லை.