குளிர் வளிமுகம் வருமுன் செய்யும் தவறுகள்

வசந்த காலத்து இடிப்புயல்களில் மனிதர்கள் செய்யும் தவறுகளில் பல, புயலுக்கு முந்திய இதமான பகலிலேயே தொடங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் ஏப்ரல், மே மாதங்களில் அப்படியொரு பகல் அடிக்கடி வரும்: தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசும், சட்டை முதுகில் ஒட்டும், மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்த சன்னல்களைத் திறந்து வைக்கத் தோன்றும். ‘குளிர் வளிமுகம் இரவில்தானே வருகிறது, அதுவரை கவலையில்லை’ என்ற கணக்குதான் முதல் தவறு. குளிர்ந்த காற்று வெப்பக் காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் எல்லைதான் குளிர் வளிமுகம். வளிமுகத்தை ஒட்டிப் புயல்கள் வரிசை கட்டி வருவது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் பரந்திருக்கும் வெப்பக் காற்றுப் பகுதியில், வளிமுகம் வந்து சேரப் பல மணி நேரம் இருக்கும்போதே, தனித்தனியாகக் கிளம்பும், உள்ளே மேலெழும் காற்று சுழன்றுகொண்டிருக்கும் இடிப்புயல்களே பெரிய ஆலங்கட்டிகளையும் மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழற்காற்றான டொர்னாடோக்களில் மிக வலுவானவற்றையும் பெரும்பாலும் உண்டாக்குகின்றன.

காலையில் மேகம் கலைந்து வெயில் அடித்தால் ஆபத்து நீங்கியதாக நினைப்பது அடுத்த தவறு. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றின் மேல், மேற்கே மேட்டுநிலங்களில் சூடான வறண்ட காற்று ஓர் அடுக்காகப் படிந்து, பானைக்கு மூடி போட்டதுபோல அதை மேலெழவிடாமல் அழுத்தி வைத்திருக்கும். வெயில் ஏற ஏற மூடிக்குக் கீழே ஆற்றல் சேர்கிறது. பிற்பகலில் மூடி ஓரிடத்தில் உடைந்தால், ஒரு மணி நேரத்துக்குள் கார்திரள் மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்துவிடும். மூடி கடைசிவரை உடையாமலே போகும் நாள்களும் உண்டு. மக்கள் முன்னறிவிப்பின் மீது நம்பிக்கை இழப்பது அத்தகைய நாள்களில்தான்.

காற்றின் ஈரத்தை விழுக்காட்டில் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. 10 டிகிரி செல்சியஸில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றைவிட, 27 டிகிரியில் 60 விழுக்காடு உள்ள காற்றில்தான் நீராவி மிக அதிகம். முன்னதன் பனிப்புள்ளி, அதாவது காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 8 டிகிரி, பின்னதன் பனிப்புள்ளி 18 டிகிரிக்கு மேல். ஆகவே பார்க்க வேண்டிய எண் பனிப்புள்ளி. காலை முதல் அது ஏறிக்கொண்டே வந்தால் புயலுக்கு வேண்டிய தீனி வந்து சேர்கிறது என்று பொருள்.

அறிவிப்புகளில் வரும் சொற்களும் குழப்புகின்றன. ‘வாட்ச்’, ‘வார்னிங்’ இரண்டையுமே நாம் பேச்சில் எச்சரிக்கை என்று சொல்லிவிடுகிறோம். முன்னது, ஒக்லஹோமாவின் நார்மன் நகரில் இயங்கும் புயல் முன்கணிப்பு மையம் பரந்த பகுதிக்குப் பல மணி நேரத்துக்கு வெளியிடுவது. சூழல் கூடிவருகிறது, தயாராக இருங்கள் என்பதே அதன் பொருள். பின்னது, புயல் ரேடாரிலோ நேரிலோ தென்பட்ட பிறகு உள்ளூர் வானிலை அலுவலகம் சிறு பகுதிக்கு வெளியிடுவது; அப்போது தயாராவதற்கு நேரமில்லை, பதுங்கத்தான் வேண்டும். புயல் அபாயத்தின் அளவைச் சொல்ல அந்த மையம் வைத்திருக்கும் ஐந்து படிகளில், கீழிருந்து இரண்டாவதற்கு ‘ஸ்லைட்’, அதாவது ‘சிறிதளவு’, என்று பெயர். அச்சொல்லைத் தேர்ந்தவர்கள் சாதாரண வாசகரை நினைத்துப் பார்த்தார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு. உயிரைப் பறிக்கும் புயல்கள் அந்தப் படி அறிவிக்கப்பட்ட நாள்களிலும் வந்திருக்கின்றன.

‘கடும் புயல்’ என்று அறிவிக்கவில்லையே என்று வெளியில் நிற்பதும் தவறுதான். 2.5 சென்டிமீட்டர் ஆலங்கட்டி, மணிக்கு 93 கிலோமீட்டர் காற்று, டொர்னாடோ ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால்தான் அங்கே புயலுக்கு அந்தப் பெயர். மின்னல் எவ்வளவு வெட்டினாலும் அது கணக்கில் வராது. மழை பெய்யுமிடத்திலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கக்கூடும் என்பதால், இடியோசை காதில் விழுந்தாலே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.

இருப்பதிலேயே விலை அதிகமான தவறு, கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று காத்திருப்பது. 2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரை டொர்னாடோ தாக்கி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதல் சைரன் ஒலித்தும் பெரும்பாலோர் உடனே பதுங்காமல் வேறோர் உறுதிப்பாட்டைத் தேடினர் என்று பின்னர் தேசிய வானிலைச் சேவையின் ஆய்வறிக்கை பதிவு செய்தது. கனமழைத் திரைக்குள் மறைந்து வரும் டொர்னாடோ கண்ணுக்குத் தெரியாது. இரவில் சொல்லவே வேண்டாம். சைரன்களோ வெளியில் இருப்பவர்களுக்காக வைக்கப்பட்டவை; சன்னலை மூடிக்கொண்டு தூங்குபவரை அவை எழுப்பும் என்று நம்பாமல், கைப்பேசியின் அவசர அறிவிப்பை அணைக்காமல் வைத்திருப்பது மேல்.

சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கும் வழக்கம், 1991-இல் கான்சாஸ் நெடுஞ்சாலையில் சிலர் அப்படித் தப்பிய காட்சி தொலைக்காட்சிகளில் பரவியதால் வேரூன்றியது. 1999 மே 3 அன்று ஒக்லஹோமாவில் அவ்வாறு ஒதுங்கியவர்களில் மூவர் உயிரிழந்தனர். பாலத்தின் குறுகிய இடைவெளியில் காற்று இன்னும் விசை கொள்வதோடு, பறந்து வரும் தகரமும் மரத்துண்டும் அங்கே ஒதுங்கியவர்கள் மேலேயே வந்து மோதும். வீட்டில் இருப்பவர்கள் அழுத்தத்தைச் சமன்செய்வதாக எண்ணிச் சன்னல்களைத் திறக்கப் போவதும் வீண். அந்த நொடிகளில் நிலவறைக்கோ, கீழ்த்தளத்தில் சன்னலில்லாத உள்ளறைக்கோ போய்விடலாம். நகர்த்தக்கூடிய வீடுகளில் குடியிருப்பவர்கள் வார்னிங் வரும்வரை காத்திராமல் வாட்ச் வந்ததுமே உறுதியான கட்டடத்துக்கு மாறிவிட வேண்டும். சாலையில் ஓடும் வெள்ளத்தில் காரை இறக்கவே கூடாது. 30 சென்டிமீட்டர் நீரோட்டமே சிறிய காரை இழுத்துச் செல்லும்.

முதல் புயல் கடந்து வானம் வெளுத்ததும் எல்லாம் முடிந்ததென்று முற்றத்தில் இறங்குபவர்கள் காற்றின் திசையைக் கவனிக்க வேண்டும். அது இன்னும் தெற்கிலிருந்து பிசுபிசுப்பாக வீசினால் வளிமுகம் வரவில்லை, அதை ஒட்டிய புயல் வரிசை பாக்கியிருக்கலாம். காற்று வடமேற்குக்குத் திரும்பி, பனிப்புள்ளி சட்டென இறங்கி, காற்றழுத்தம் ஏறத் தொடங்கினால் வளிமுகம் கடந்துவிட்டது.