பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, பள்ளிக்கு அனுப்பலாமா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் மகளுக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். எட்டு மணிக்குள் நெற்றி குளிர்ந்துவிட்டது. அலுவலகத்தில் அன்று தள்ளிப்போட முடியாத வேலை. அவளும் சிரித்துக்கொண்டேதான் கிளம்பினாள். பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து போன். போய்ப் பார்த்தால், மேஜையில் தலை சாய்த்துக் கிடக்கிறாள், உடம்பு அனலாகக் கொதிக்கிறது. பாராசிட்டமால் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் வேலை செய்யும். காய்ச்சலை இறக்கும், நோயை விரட்டாது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் அனுப்பினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கணக்கு: மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பள்ளி. திங்கள் இரவு எட்டு மணிக்குக் கடைசியாகக் காய்ச்சல் அடித்ததா? செவ்வாய் முழுக்க வீடு, புதன் காலை பள்ளி. காய்ச்சல் என்றால் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல். புறங்கையை நெற்றியில் வைத்து முடிவு செய்யாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். இன்னொன்று: உடம்புச் சூடு இயல்பாகவே காலையில் குறைந்து மாலையில் ஏறும். அதனால் காலையில் 99 காட்டினால் உடனே சீருடையை எடுக்க வேண்டாம். கடைசியாகக் காய்ச்சல் அடித்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதி தெர்மாமீட்டர் பெட்டியிலேயே போட்டு வைக்கிறேன். எழுதாவிட்டால், காலை அவசரத்தில் எனக்கு வசதியான நேரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது!

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நான் இன்னும் கறார். நின்று 24 மணி நேரம் ஆனால் போதும் என்பாரும் உண்டு. பிரிட்டனில் 48 மணி நேரம் என்கிறார்கள். நான் 48 பக்கம். வயிற்றுக் கிருமி ஒரு வகுப்பைச் சுற்றி வர ஒரே கழிப்பறைக் குழாய் போதும். ஆனால் இருமி இருமி ஒரு தடவை கக்கியதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சளிக்கு விடுப்பு வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சகஜம். மூக்குச் சளி பச்சையாக மாறினால் பயப்படவும் தேவையில்லை, நிறத்தை வைத்து மட்டும் நோயின் கடுமையைச் சொல்ல முடியாது. இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். நான் பார்ப்பது மூன்றுதான்: இரவு தூங்கினாளா, காலையில் ஏதாவது சாப்பிட்டாளா, தம்பியோடு சண்டை போடத் தெம்பு இருக்கிறதா? மூன்றாவதுக்கு ஆம் என்றால் பெரும்பாலும் பையை மாட்டிவிடலாம். பேனுக்காகவும் வீட்டில் நிறுத்த வேண்டாம், அன்று மாலையே மருந்து போட்டுச் சீப்பால் வாருங்கள்.

அம்மை வகையில் நம் யோசனைக்கே இடமில்லை. சின்னம்மையில் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும், வழக்கமாக ஐந்து நாள் ஆகும். தட்டம்மையில் தடிப்பு தோன்றிய பின் நான்கு நாள், பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கிய பின் ஐந்து நாள். என்ன நோய் என்று பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கும் ஆசிரியைக்குச் சின்னம்மை ஆபத்து.

அப்புறம், வயிற்றுவலி. என் மகன் போன வருடம் முழுக்க "அப்பா, வயிறு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. முதல் இரண்டு தடவை வீட்டில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை காலண்டரில் குறித்துப் பார்த்தால் எல்லாமே திங்கள். சனிக்கிழமை ஒரு தடவைகூட வலித்ததில்லை. மெதுவாகக் கேட்டபோதுதான் வந்தது: திங்கள்தோறும் வகுப்பில் எழுந்து சத்தமாகப் படிக்க வேண்டுமாம், திக்கினால் இரண்டு பேர் சிரிக்கிறார்களாம். அவன் பொய் சொல்லவில்லை, பயத்திலும் வயிறு நிஜமாகவே வலிக்கும். வீட்டில் நிறுத்த நிறுத்த அந்தப் பயம் வளரும் என்பதால் அனுப்பினேன், ஆனால் நானும் கூடவே போய் ஆசிரியையிடம் பேசினேன். வலி ஒரே இடத்தில் நின்று அதிகமானாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் காட்டுங்கள்.

சில நேரம் பள்ளியா வீடா என்று யோசிக்கவே கூடாது. மூச்சு வாங்கி விலா எலும்புக்கிடையே தோல் உள்ளே இழுப்பது, கழுத்தை வளைக்க முடியாதது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்: இதில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனை.

சரி, பிள்ளை தேறிவிட்டது. திரும்பிப் போகும் முதல் நாள் விளையாட்டு வகுப்பு மட்டும் வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன். மகளுக்கு அதில்தான் கோபம்.