மனநல சீராய்வு மன்றத்தில் காகிதம் கேட்டு வாங்குவது எப்படி

தம்பியை அப்பா மனநல மருத்துவமனையில் சேர்த்த விஷயம் மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய், "எந்தப் பிரிவுல அட்மிஷன் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் டாக்டர் வந்தாத்தான் மேடம்."

இந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 89-ஆம் பிரிவில் (30 நாள் வரை வைத்துக்கொள்வது) சேர்த்ததை எதிர்த்து மனுப் போட்டால், சேர்த்தது சரியா என்று பார்க்கும் மனநல சீராய்வு மன்றம் அதை 7 நாளில் முடிக்க வேண்டும். 90-ஆம் பிரிவு (30 நாளுக்கு மேல் வைத்துக்கொள்வது) என்றால் 21 நாள். மற்ற மனுக்களுக்கு 90 நாள். எந்தப் பிரிவு, என்ன நோய், என்ன சிகிச்சை, மன்றத்தை அணுகும் உரிமை உண்டா என்பதையெல்லாம் உள்ளே இருப்பவருக்கும் அவருடைய நியமனப் பிரதிநிதிக்கும் (தன் சார்பில் பேச அவர் நியமித்தவருக்கும்) புரிகிற மொழியில் சொல்லியாக வேண்டும். இது 22-ஆம் பிரிவு.

நான் அக்கா என்று சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. தம்பி ஒரு வெள்ளைத்தாளில் "இவர் என் பிரதிநிதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்; முத்திரைத்தாள் எல்லாம் தேவையில்லை. அதன்பிறகுதான் என்னிடம் பேசவே ஆரம்பித்தார்கள்.

அடுத்து, மன்றத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும். எல்லார் கண்ணிலும் படும்படி மருத்துவமனையில் எழுதி வைக்க வேண்டும். நான் போன இடத்தில் அந்தப் பலகைக்கு முன்னால் ஆளுயரத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தது. நாற்காலியை நகர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டேன். நீங்களும் எடுங்கள், நாற்காலியோடு சேர்த்தே. மனுப் படிவமும், மன்றத்துக்கு இலவசமாகப் போன் பேச வசதியும் அவர்களே தர வேண்டும். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

விசாரணை மருத்துவமனையிலேயே, மூடிய அறையில் நடக்கும். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, தம்பி அழுதுகொண்டே பேசியதைத் தெருவே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சம்பந்தமில்லாத ஒருவர் உட்கார வேண்டுமென்றால் உள்ளே இருப்பவரும் மன்றத் தலைவரும் சம்மதிக்க வேண்டும்.

ஆனால் எதிர்த்தரப்பு காட்டும் காகிதம் எதுவும் உங்களுக்கு மூடிய காகிதம் இல்லை. 80-ஆம் பிரிவில் அதைப் பார்க்கவும் நகல் வாங்கவும் உரிமை இருக்கிறது. விசாரணைக்கு முந்தைய நாளே எழுத்தில் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த நகலில் 'குடும்பத்தாரைத் தாக்கினார்' என்று ஒரு வரி. நடந்தது என்ன? பூட்டிய கதவை உதைத்தான். அன்று ராத்திரியே பார்த்ததால் மறுநாள் தம்பி நேரே அதைப் பற்றித்தான் பேசினான். "கதவைத்தான் சார் உதைச்சேன்" என்றான். தலைவர் மருத்துவரைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவர் அப்பாவைப் பார்த்தார்.

விசாரணை முடிந்து 5 நாளுக்குள் முடிவு எழுத்தில் வர வேண்டும். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் உயர் நீதிமன்றத்துக்கு 30 நாள் அவகாசம். வக்கீலுக்கு வசதியில்லையா, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

உங்கள் வழக்கு இல்லாமல், மன்றம் பொதுவாக எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். இதில் நான் ஒரு தப்புச் செய்தேன். எல்லா உத்தரவுகளின் நகலும் வேண்டும் என்று கேட்டேன். அடுத்தவர் நோய் விவரம், தர முடியாது என்று பதில் வந்தது. நியாயம்தான். அடுத்த மனுவில் பெயரே கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்டேன்: ஆண்டுவாரியாக வந்த மனுக்கள் எத்தனை, 7 நாளில் முடிந்தவை எத்தனை, எத்தனை முறை கூடினார்கள், உறுப்பினர் இடம் எதுவும் காலியா. ஒவ்வொரு கேள்வியும் ஒரே வரி. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி எதையும் எழுதாதீர்கள், அதற்கு மட்டும் பதிலே வராது.