டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள்: உள்பாடி வாங்குவதற்கு முன்னால்

மதுரை செல்லூரில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்து 24 வருடம் ஆகிறது. முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர்கூட அளவு கொடுக்க வருவார்கள். டேப்பைச் சுற்றும்போது தோளில் ஸ்ட்ராப் பதிந்த பள்ளம் தெரியும். மார்புக்கு அடியில் சிவந்து புண்ணாகி, ஆறி, கறுத்துப்போன கோடு தெரியும். இருபது வயதுப் பெண்ணுக்கும் இருக்கிறது, அறுபது வயது அம்மாவுக்கும் இருக்கிறது. கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "அது அப்படித்தான் மதினி இருக்கும்."

அப்படி இருக்க வேண்டியதில்லை. நானும் பதினெட்டு வருடம் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியவள். கல்யாணத்துக்கு முன்னால் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில், அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "38 குடுங்க" என்றார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அட்டையில் 38பி என்று இருந்தது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதையே கேட்டு வாங்கினேன். ஊரில் பாதிப் பேருக்கு ஜாக்கெட்டுக்குக் கால் அங்குலம் பிசகாமல் அளவு எடுக்கிற எனக்கு, உள்ளே போடுவதற்கு ஒரு நாளும் அளவு எடுக்கத் தோன்றவில்லை. கழுத்தும் தோளும் வலித்தபோது மிஷினில் குனிந்து உட்காருவதால் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு அளந்து பார்த்தேன். எனக்கு வேண்டியது 36டி.

சரி, எப்படி அளப்பது? பழைய துணி டேப் வேண்டாம். வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும். என் பெட்டியில் கிடந்த ஒன்று அரை அங்குலம் பொய் சொன்னது. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திலும் அளக்காதீர்கள். பல பெண்களுக்கு அப்போது மார்பு கனத்து வீங்கியிருக்கும். வந்து ஒரு வாரம் போகட்டும். பஞ்சு வைக்காத மெல்லிய பாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நில்லுங்கள்.

முதலில் கீழ்ச்சுற்று. மார்புக்கு நேர் அடியில், விலா எலும்பின் மேல், டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, டேப் தோலில் ஒட்டியிருக்கும்படி கொஞ்சம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் டேப் இறங்காமல் நேராக இருக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் தவறு நடக்கிறது, அதனால் பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது மார்புச் சுற்று. மார்பு நன்றாக எடுப்பாக இருக்கும் இடத்தில், அழுத்தாமல், டேப் சும்மா தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

இப்போது கணக்கு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பெட்டிகளில் 34 என்றால் கீழ்ச்சுற்று 73 முதல் 77 சென்டிமீட்டர், 36 என்றால் 78 முதல் 82. அங்குலத்தில் சொன்னால், கீழ்ச்சுற்று ஒற்றைப்படையாக வந்தால் 5 கூட்டுங்கள், இரட்டைப்படையாக வந்தால் 4 கூட்டுங்கள். எனக்குக் கீழ்ச்சுற்று 31. அதோடு 5 சேர்த்தால் 36. மார்புச் சுற்று 40. நாற்பதில் 36 போக மீதி 4. இந்த மீதிதான் கப் அளவு: 1 வந்தால் ஏ, 2 வந்தால் பி, 3 வந்தால் சி, 4 வந்தால் டி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால் பெட்டியின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் அட்டவணையையும் ஒரு பார்வை பாருங்கள்.

எண் மட்டும் கேட்டு வாங்குகிறோம், எழுத்தைக் கேட்பதே இல்லை. கோளாறு தொடங்குவது அங்கேதான். கப் பத்தாதவர்கள் "இறுக்குது, பெரிய சைஸ் குடுங்க" என்று 36க்குப் பதில் 38 வாங்குவார்கள். அப்போது சுற்றுப் பட்டி லூசாகி முதுகில் மேலே ஏறிவிடும். மார்பின் பாரத்தைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டிதான், தோள் வார் கூடமாட உதவிக்குத்தான் இருக்கிறது. பட்டி ஏறிப்போனதும் முழுப் பாரமும் வாரில் விழும். நாம் வாரை இன்னும் இழுத்து இறுக்குவோம். தோள் பள்ளம் அப்படித்தான் வருகிறது.

கடையில் போட்டுப் பார்க்க இடம் கொடுத்தால் தயங்காமல் கேளுங்கள். சின்னக் கடைகளில் இருக்காது. மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று வாங்குங்கள். ஒரே நாளில் ஆறு வாங்கி அடுக்காதீர்கள். வீட்டில் போட்டதும், புதுசாக இருக்கும்போது கடைசி ஊக்கில், அதாவது ரொம்ப லூசான வரிசையில் மாட்டுங்கள். எலாஸ்டிக் தளரத் தளர உள் ஊக்குக்கு வரலாம். முன்னால் குனிந்து, மார்பு முழுவதையும் அக்குள் பக்கத்திலிருந்து கையால் கப்புக்குள் எடுத்து வையுங்கள். பட்டிக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், வாருக்கு அடியிலும் இரண்டு விரல். இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள். பட்டி கூடவே ஏறினால் சுற்று பெரிது. மேலேயோ அக்குள் பக்கமோ சதை பிதுங்கினால் கப் சிறியது. துணி சுருங்கி மடிந்தால் கப் பெரியது. கம்பி வைத்தது என்றால் கம்பி விலா எலும்பில் உட்கார வேண்டும், மார்புச் சதையைக் குத்தக் கூடாது.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லையே என்று பதறி என்னிடம் கேட்ட கல்லூரிப் பெண்கள் நிறையப் பேர். கொஞ்சம் முன்பின் இருப்பது சாதாரணம். பெரிய பக்கத்துக்குக் கப் எடுத்து, சின்னப் பக்கத்து வாரைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும். ஆனால் நேற்றுவரை இல்லாத வித்தியாசம் திடீரென்று வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி துணியும் வேர்வையும். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரை வெயில் தெரிந்ததுதான். ஒரு சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியெல்லாம் கூட்டத்தில் நின்றோம். பஞ்சு வைத்த நைலான் பாடி, மேலே லைனிங் ஜாக்கெட், பட்டுப்புடவை. மறுநாள் மதியம் கழற்றும்போது மார்புக்கு அடியில் தோல் உரிந்து எரிந்தது. மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. விட்டதும் திரும்ப வந்தது, வட்டம் வட்டமாக வயிறுவரை பரவியது. தோல் டாக்டர் டியூபைப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, படைக்கு இதைப் போட்டால் அடங்குவது போல அடங்கி வேர் பிடிக்கும் என்றார். குணமாக ஒன்றரை மாதம் ஆனது. அன்றிலிருந்து என்னிடம் யார் அரிப்பு என்று சொன்னாலும் முதல் வார்த்தை இதுதான்: டாக்டரைக் கேட்காமல் டியூப் வாங்காதீர்கள்.

படை வராமல் இருக்க, பங்குனியிலிருந்து ஆடிவரை பருத்திதான். மார்புக்கு அடியில் தோலும் தோலும் ஒட்டும் மடிப்பில் ஈரம் நிற்பதுதான் காரணம். குளித்ததும் அந்த மடிப்பைத் துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்து, காற்றாடி அடியில் இரண்டு நிமிடம் நின்று, காய்ந்த பிறகு போடுங்கள். பவுடரைக் கொட்டினால் வேர்வையோடு சேர்ந்து களியாகத்தான் ஆகும். மார்பு கனமானவர்கள் பழைய மல் துணியை நான்காக மடித்துப் பட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். வேர்த்து நனைந்த பாடியை மறுநாளும் போட வேண்டாம்.

அப்புறம், காயப்போடுவது. நம் வீடுகளில் பாடியை எங்கே காயப்போடுகிறோம்? குளியலறைக் கதவுக்குப் பின்னால், அல்லது கொடியில் துண்டுக்கு அடியில், ஆண்கள் கண்ணில் படாதபடி. வெயில் படாது, காற்றுப் படாது. அரை ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். வீட்டு ஆண்களின் பனியன் மட்டும் மாடியில் நடு வெயிலில் காயும். என் மகள் பெரியவளான பிறகு இதை மாற்றினேன். மாடிக் கொடியில் எல்லாத் துணியும் ஒரே வரிசையில்தான் காய்கிறது. முதல் வாரம் அத்தை முகம் சுளித்தார்கள். படை ஏன் வந்தது என்று எடுத்துச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் அதற்கு வழி இல்லை என்றால், மேலே மெல்லிய துணி ஒன்றை மட்டும் போர்த்துங்கள், வெயிலும் காற்றும் போகட்டும். கப்பைப் பிடித்துப் பிழியாதீர்கள். எலாஸ்டிக் செத்துப்போனால், துணி நன்றாக இருந்தாலும் அதன் வேலை முடிந்தது.

வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. பாடி போட்டால் கேன்சர் வருமா? கறுப்புப் பாடி போட்டு வெயிலில் போனால் வரும், கம்பி வைத்தது போட்டால் வரும் என்றெல்லாம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஃபிரெட் ஹட்சின்சன் ஆராய்ச்சி மையத்தார் மாதவிடாய் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம், எந்த வயதில் போட ஆரம்பித்தீர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், என்ன கப், கம்பி உண்டா என்று விசாரித்து 2014இல் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இதில் வித்தியாசம் எதுவும் இல்லை. நிறமும் கம்பியும் நோயைக் கொண்டுவராது.

போடாவிட்டால் தொங்கிவிடும் என்பது இன்னொரு பயம். மார்புக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பியும், அவற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லிய நார்களும்தான். 1840இல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்ததால் அந்த நார்களுக்கு அவர் பெயர். வயது, உடம்பு ஏறி இறங்குவது, எத்தனை பிரசவம், புகைப்பழக்கம், மார்பின் கனம் இவற்றால்தான் அவை தளர்கின்றன. பால் கொடுத்ததால் தளர்ந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பால் கொடுப்பது காரணம் இல்லை, கர்ப்பம்தான் காரணம் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். பிரான்சில் ழான் டெனி ரூய்யோன் என்ற டாக்டர் 300க்கும் மேற்பட்ட பெண்களைப் பதினைந்து வருடம் பார்த்து, பாடி போடாத இளம் பெண்களுக்குத் தளர்ச்சி கூடவில்லை என்று 2013இல் சொன்னார். இது எல்லா வயதுப் பெண்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அவரே சொன்னார். நான் புரிந்துகொண்டது, பாடி போடுவது அந்த நேரத்துச் சௌகரியத்துக்குத்தான். போட்டிருக்கும்போது தாங்கும், கழற்றினால் இல்லை.

அதனால் வீட்டில் கழற்றி வைக்கலாம். ராத்திரி தேவையே இல்லை. கனமான மார்பால் புரண்டு படுக்க வலிக்கிறது என்றால் மட்டும் கம்பி இல்லாத லூசான பருத்தி ஒன்று போதும். எங்கள் பாட்டி உசிலம்பட்டிப் பக்கம் காட்டு வேலைக்குப் போனவர், கடைசிவரை பாடி போட்டதில்லை. யாருக்காவது பாடியே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டூ பை டூ துணியில் கிராஸ் கட் ஜாக்கெட்டை, பருத்தி லைனிங் கொடுத்து, டார்ட்டைச் சரியாகப் பிடித்து, கீழ்ப்பட்டியை விலாவில் உட்கார வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். அதுவே தாங்கும். அளவு ஜாக்கெட் கொண்டுவருகிறவர்கள், உள்ளே என்ன போட்டு அந்த அளவு எடுத்தது என்று டெய்லரிடம் சொல்லிவிடுங்கள். பஞ்சுப் பாடியோடு எடுத்த அளவு, பருத்திப் பாடிக்குத் தொளதொள என்று நிற்கும்.

ஓடுகிறவர்களும், ரேஸ்கோர்ஸில் காலையில் வேகமாக நடக்கிறவர்களும், மாதவிடாய்க்கு முன்னால் மார்பு வலிக்கிறவர்களும் நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் பிரா போட்டால் வித்தியாசம் தெரியும். ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் இல்லாமல் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது. பால் கொடுக்கும் தாய்மார்கள் இறுக்கமானதையும் கம்பியையும் விடுங்கள், ஒரே இடத்தில் அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும். பள்ளிப் பெண்ணுக்கு ஷிம்மீஸ் பத்தவில்லை, கூச்சமாக இருக்கிறது என்று அவளே சொல்லும்போது மெல்லிய பருத்தியில் ஆரம்பித்தால் போதும். டேப்பை அவள் கையில் கொடுத்து அவளையே அளக்கச் சொல்லுங்கள்.

அளக்கும் நாளில் இன்னொன்றும் செய்யலாம். மாதவிடாய் முடிந்த சில நாளில், சட்டை இல்லாமல் கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கிப் பாருங்கள். தோல் குழி விழுந்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் போல் ஆகியிருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, ரத்தம் கசிகிறதா. அப்புறம் விரல்களை நீட்டி வைத்து, வட்டமாக மெல்ல அழுத்தி, அக்குள்வரை தடவுங்கள். கட்டி வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள்.

போன ஐப்பசியில் தீபாவளி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அக்கா, டேப் அக்குள் பக்கம் பட்டதும் கையைத் தட்டிவிட்டார். கட்டி இருந்தது. நான்கு மாதமாக வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்து, ஊசி வைத்துச் சோதித்தார்கள். சாதாரண நீர்க்கட்டி என்று சொன்னார்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருக்காது, ஆனால் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆட்டோவில் திரும்பும்போது, "மதினி, எனக்கு உள்பாடிக்கும் அளவு எடுத்துச் சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எடுத்தேன். கீழ்ச்சுற்று 29, மார்புச் சுற்று 37. அவர் அதுவரை போட்டுக்கொண்டிருந்தது 36பி. அவருக்கு வேண்டியது 34சி.